பிளக் மாத்துறப்ப சிக்குதா? மொதல்ல கையில இருக்குற டூலைப் பாருங்க

பெட்ரோல் காருக்கு ஸ்பார்க் பிளக் மாத்துறது வீட்டு வாசல்ல வெச்சே முடிக்கக்கூடிய வேலைதான். ஆனா நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா, புது பிளக் செட்டை மட்டும் பாத்துப் பாத்து வாங்கிட்டு, பைக் டூல் பாக்ஸ்ல கெடக்குற தகர பிளக் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு காருக்குள்ள தலைய விடுறாங்க, அப்புறம் சாயங்காலம் ஆச்சுன்னா "அண்ணே வண்டி ஆடுதுண்ணே", "பிளக் சுத்துது, ஆனா வெளிய வரமாட்டேங்குதுண்ணே"னு ஃபோன். என்னா டூல் வெச்சு கழட்டுனனு கேட்டா சத்தமே இருக்காது. பிளக்ல குறை இருக்குறதெல்லாம் கம்மிங்க, பெரும்பாலும் சாக்கெட்டு, எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல மாட்டுற நீட்டுக் கம்பி), டைட் வெக்கிற கை, இந்த மூணுல ஒண்ணுதான் கோளாறு.

அதனால இத வரிசையா படிக்க வேணாம். உங்க வண்டி என்ன சொல்லுதோ அந்த இடத்துக்கு நேரா போங்க. டீசல் வண்டி வெச்சிருக்கவங்க அப்படியே கெளம்பலாம், உங்களுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, இருக்குறது க்ளோ பிளக், அது வேற கதை.

எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு மட்டும். என்ஜின் ஆறி இருக்கணும். பிளக் ஏறுற ஹெட்டு (என்ஜினோட மேல்பாகம்) அலுமினியம், சூட்டோட பிளக்கை திருகுனா த்ரெட்டும் சேந்து உரிஞ்சு வர வாய்ப்பு இருக்கு. மதுரை வெயில்ல மத்தியானம் ரோட்டோரமா நிறுத்தி வெச்ச வண்டி ஓடாமலே கொதிக்கும், ஆக காலையில ஆறு ஏழு மணிக்கு, ராத்திரி பூரா நின்ன வண்டியில கை வெக்கிறதுதான் சரி.

"சாக்கெட் உள்ள போகுது, ஆனா பிடிக்க மாட்டேங்குது, வழுக்குது"

சைஸ் தப்பு. காருல பொதுவா வர்றது மூணு சைஸ்: பழைய வண்டிகள்ல 21 எம்எம் (துல்லியமா 20.8), அதுக்கப்புறம் வந்ததுல 16 எம்எம், இப்போ வர்ற நெறைய வண்டியில 14 எம்எம். 16-க்கு 17 போட்டாலும் போகும், போயி ஒக்காந்தா மாதிரியே இருக்கும், திருகுனா மொனைய மழுக்கிட்டு சுத்தும். பிளக் ஓட்டை ஆழமா இருக்குறதால கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதுதான் தொல்லை. புது பிளக் கையில இருக்குல்ல, சாக்கெட்டை முதல்ல அதுல மாட்டிப் பாருங்க, ஆடாம உக்காரணும். இதுக்கு அரை நிமிஷம் ஆகாது.

இன்னொண்ணு, சாதா டீப் சாக்கெட் 16 எம்எம் இருக்கேனு அத விடாதீங்க. அதோட வெளிச்சுவர் தடிமனா இருக்கும், சில வண்டியில பிளக் குழாய்க்குள்ள பாதியிலயே நிக்கும், பலம்கொண்டு தள்ளுனா எடுக்கவும் வராது. உள்ள ரப்பரும் இருக்காது, ரப்பர் இல்லைன்னா பீங்கானுக்கு பாதுகாப்பு இல்ல. பிளக் சாக்கெட்னே தனியா விக்கிது, மெலிசான சுவர், உள்ள ரப்பரோ காந்தமோ இருக்கும், அத வாங்குங்க. ஆறு மூலை உள்ளதா பாருங்க. பன்னெண்டு மூலை சாக்கெட் சில வெளிநாட்டு வண்டிக்குத்தான் தேவை, அதுல வர்ற பிளக்கோட தலையே பன்னெண்டு மூலை.

"காயில் வெளிய வரமாட்டேங்குது"

இப்போ உள்ள வண்டியில ஒவ்வொரு பிளக்குக்கு மேலயும் ஒரு இக்னிஷன் காயில் உக்காந்திருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு 10 எம்எம் போல்ட். போல்ட்டைக் கழட்டிட்டு நேரா இழுக்காதீங்க. கீழ உள்ள ரப்பர் பூட் வருஷக்கணக்கா சூட்டுல கெடந்து பிளக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அங்கிட்டு கால் சுத்து இங்கிட்டு கால் சுத்து பைய திருப்புங்க, 'பொளக்'னு ஒட்டு விடுற சத்தம் வரும், அப்புறம் மேல தூக்குங்க. திருப்புளி குடுத்து நெம்புனா காயிலோட பிளாஸ்டிக் காது ஒடஞ்சிரும், ஒரு பிளக்கு காசுல முடியவேண்டியது ஒரு காயில் காசுல போயி நிக்கும்.

கனெக்டர் லாக்குதான் இதைவிட மோசம். நம்மூரு சூட்டுல அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆயிருக்கும், கனெக்டரை மொதல்ல உள்பக்கமா துளியூண்டு தள்ளி, அப்புறம் லாக்கை அமுக்கி வெளிய எடுங்க. அந்த தள்ளல்ல லாக் லூஸ் ஆயிரும், ஒடையாது. வயரைப் புடிச்சு இழுக்கவே கூடாது.

வயரை பாக்குறப்பவே எலி கடிச்சிருக்கானு ஒரு கண்ணு போடுங்க. வயக்காட்டு ஓரம் வீடு இருக்குறவங்க, நாகமலை பக்கம், அழகர்கோவில் ரோடு பக்கம் எல்லாம் இது சர்வசாதாரணம். பிளக் கம்ப்ளெயின்ட்டுனு வர்றதுல சிலது எலி கம்ப்ளெயின்ட்டுதான்.

"பிளக்கைச் சுத்தி ஒரே மண்ணு"

பிளக்கை லூஸ் பண்றதுக்கு முன்னாடியே ஊதி எடுக்கணும், அப்புறம் இல்ல. பிளக் வெளிய வந்த நிமிஷம் அந்த ஓட்டை நேரா சிலிண்டருக்குள்ள போகுது. மேலூர் பக்கம் கிரானைட் தூசியில ஓடுற வண்டி, வேப்பமரத்தடியில நிக்கிற வண்டி, இதுலெல்லாம் அந்தக் குழிக்குள்ள தூசியும் காஞ்ச வேப்பம்பூவும் சேந்து கெடக்கும். பஞ்சர் கடை ஏர் கிடைச்சா நல்லது, ஆனா கம்ப்ரஸர் டேங்க்ல தண்ணி சேந்திருக்கும், ஓஸை மொதல்ல தரையில காட்டி ஒரு தடவ அடிச்சுப் பாருங்க, ஈரம் வரலைன்னா மட்டும் உள்ள காட்டுங்க. வீட்டுல சைக்கிள் பம்பு போதும், நாலு அடி கூட ஆகும் அவ்ளோதான். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க, மண்ணு திரும்ப மூஞ்சியிலதான் அடிக்கும்.

"பிளக் அசையவே மாட்டேங்குது"

இங்கதான் நெறைய பேரு பொறுமைய விடுறாங்க, இங்கதான் பொறுமை வேணும்.

மொதல்ல எக்ஸ்டென்ஷன் நேரா நிக்குதானு பாருங்க. ரேச்செட் கைப்பிடி வால்வ் கவருக்கு மேல வந்துரணும், அதுக்குத் தகுந்த நீளம் போடுங்க. 3/8 டிரைவ்ல (ரேச்செட்டோட சதுர முனை 3/8 இன்ச்) 3 இன்ச், 6 இன்ச், 10 இன்ச்னு வருது, 6-ம் 3-ம் கையில இருந்தா சேத்துப் போட்டு பெரும்பாலான வண்டிக்கு சமாளிச்சிரலாம். நீளம் பத்தலைன்னா சாய்ச்சுப் புடிப்பீங்க, சாய்ச்சா பலம் பூரா திருகுறதுக்குப் போகாம பீங்கானை ஒடைக்கிறதுக்குப் போகும். யூ ஜாயின்ட் (மடங்குற மூட்டு) போடணும்னா குழிக்கு மேல வர்ற இடத்துல போடுங்க, பிளக்குக்கு பக்கத்துல போட்டா அதே சாய்மானம்தான். இடது கையால எக்ஸ்டென்ஷன் தலையை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, வலது கையால ஒரே சீரா இழுக்கணும், வெடுக்குனு இல்ல.

அப்பவும் வரலையா, இரும்புக் குழாயைப் போட்டு நீளம் கூட்டாதீங்க. பெனட்ரேட்டிங் ஆயில் கொஞ்சமா பிளக் அடியில படுற மாதிரி விட்டுட்டு ராத்திரி விட்டுருங்க. காலையில என்ஜினை ஒண்ணு ரெண்டு நிமிஷம் மட்டும் ஓட்டி (காயிலெல்லாம் மாட்டிட்டுத்தான்) கை வெச்சா வெதுவெதுப்பா இருக்குற அளவுக்கு கொண்டாந்து நிறுத்தி, அப்புறம் முயற்சி பண்ணுங்க. எட்டுல ஒரு சுத்து வந்துச்சுனா நிப்பாட்டி திரும்ப உள்பக்கமா டைட் பண்ணுங்க, மறுபடி லூஸ், மறுபடி டைட். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட வரும். த்ரெட்டுக்குள்ள கெடக்குற கார்பன் தூள் இப்படி முன்ன பின்ன போறதுலதான் வழி விடும்.

சத்தத்தைக் கேளுங்க. ஆரம்பத்துல 'டக்'னு ஒரே ஒரு சத்தம் வந்து அப்புறம் லேசா சுத்துனா நல்ல சகுனம். ஒவ்வொரு சுத்துக்கும் கீச்சு கீச்சுனு வந்துக்கிட்டே இருந்து, இறுக்கம் கொறையாம, கூடிக்கிட்டே போச்சுன்னா த்ரெட்டு புடுங்குது. நிறுத்திருங்க. உள்பக்கமா திருகி விட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்புடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல.

"லூஸ் ஆயிருச்சு, ஆனா குழிக்குள்ளயே கெடக்கு"

சாக்கெட்ல ரப்பர் போயிருக்கும், இல்ல காந்தம் வீக். காயிலோட ரப்பர் பூட்டையே கீழ விட்டு அமுக்கி மேல தூக்குனா பிளக் ஒட்டிக்கிட்டு வந்துரும். இல்லைன்னா பிளக்கோட மேல்பாகத்துல இறுக்கமா உக்காருற ரப்பர் ஓஸ் ஒரு முழம், ஃபியூயல் ஓஸ் மாதிரி, ஸ்பேர்ஸ் கடையில சொற்ப காசுக்குக் கிடைக்கும், வாங்கி வெச்சுக்கங்க. அது இன்னொரு பெரிய வேலைக்கு ஆகும், கீழ சொல்றேன்.

தலகீழாவும் நடக்கும். பிளக்கை மாட்டிட்டு தூக்குனா எக்ஸ்டென்ஷன் மட்டும் கழண்டு வந்துரும், சாக்கெட் உள்ளயே பிளக்கைக் கவ்விக்கிட்டு நிக்கும். சாக்கெட்டுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவுல இன்சுலேஷன் டேப்பை ரெண்டு சுத்து சுத்திட்டு வேலைய ஆரம்பிங்க, இந்தப் பிரச்சனையே வராது.

"பீங்கான் ஒடஞ்சு போச்சு"

மேல் பாதி ஒடஞ்சிருந்தா பதற வேணாம். மிச்ச துண்டு சிலிண்டருக்குள்ள போகாது, பிளக் இன்னும் ஓட்டையை அடைச்சுக்கிட்டுத்தான் நிக்குது. பிளக்கை லூஸ் பண்றதுக்கு முன்னாடியே தூளை எல்லாம் எடுத்துரணும். வேக்குவம் கிளீனர் முனையில, மேல சொன்ன ரப்பர் ஓஸை டேப் போட்டு ஒட்டி குழிக்குள்ள விட்டு உறிஞ்சுங்க, காத்து அடிச்சா தூள் பறந்து அடுத்த குழிக்குள்ள விழும். எடுத்த துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில பரப்பி பொருத்திப் பாருங்க, எல்லாம் இருக்கானு தெரிஞ்சுரும். அப்புறம் தலை ஆறு மூலையா அப்படியே இருக்கும், சாக்கெட் போட்டு கழட்டிரலாம்.

புது பிளக் கீழ விழுந்தாலும் இதே சந்தேகம் வரணும். வெளிய கீறல் தெரியாம உள்ள விரிசல் விட்டிருக்கும். சிமெண்ட் தரையில விழுந்த பிளக்கை மாட்டாதீங்க, காசு போனா போகட்டும்.

"குழிக்குள்ள எண்ணெய் நிக்கிது"

இது பிளக் கோளாறு இல்ல. வால்வ் கவர் கேஸ்கெட்டோ, பிளக் குழாயைச் சுத்தி உள்ள சீலோ போயிருச்சு. பழைய துணிய சுத்தி உறிஞ்சி எடுத்துட்டு பிளக்கை மாத்தலாம், ஆனா சீலை மாத்தலைன்னா எண்ணெய் திரும்ப வரும், பூட் ரப்பர் ஊறிப்போயி மிஸ்ஃபயர் ஆகும். தண்ணின்னா, என்ஜினுக்கு பிரஷர் வாஷ் அடிச்சிருப்பீங்க, இல்ல ஐப்பசி மழையில எங்கயாச்சும் தேங்கின தண்ணிக்குள்ள விட்டிருப்பீங்க, தொடச்சு காய வெச்சா போதும்.

"புது பிளக் ரெண்டு சுத்துலயே இறுகுது"

கையை எடுங்க. உடனே. ஸ்பேனரைத் தொடவே தொடாதீங்க.

பிளக் நேரா உக்காரலை, குறுக்க ஏறுது. இந்த இடத்துக்குத்தான், பிளக் மேல்பாகத்துல இறுக்கமா உக்காருதுனு மேல சொன்ன அந்த ரப்பர் ஓஸ். பிளக்கோட மேல் முனையில ஓஸை மாட்டி, குழிக்குள்ள எறக்கி, மொதல்ல இடது பக்கமா, அதாவது லூஸ் பண்ற பக்கமா ஒரு சுத்து திருப்புங்க. த்ரெட்டு வாய் சேர்ற இடத்துல பிளக் லேசா 'டொக்'னு எறங்குறது வெரலுக்குத் தெரியும். அங்கேருந்து வலது பக்கமா திருகுனா தானா போகும். குறுக்க ஏறுனா ஓஸ் வழுக்கும், பிளக் சுத்தாது, ஓஸுக்கு அவ்ளோதான் பலம். ரேச்செட்டுக்கு அந்த அறிவு கிடையாது, நீங்க திருகுனா திருகிக்கிட்டே போகும், ஹெட்டுல புதுசா ஒரு த்ரெட்டையே வெட்டிரும்.

பிளக்கோட கேஸ்கெட் வளையம் போயி ஒக்காருற வரைக்கும் கையாலயோ ஓஸாலயோதான் போகணும். வரலைன்னா பழைய பிளக்கை எடுத்து பக்கத்துல வெச்சு பாருங்க, த்ரெட்டோட நீளம் ஒண்ணா இருக்கா? 19 எம்எம் ரீச்சும் இருக்கு, 26.5 எம்எம் ரீச்சும் இருக்கு. நீளம் கூடுனா பிஸ்டன்ல இடிக்க வாய்ப்பு, கொறஞ்சா மிச்ச த்ரெட்டுல கார்பன் அடைச்சு அடுத்த தடவ சரியானது போகாது. கடைக்காரர் "இதுவும் இதுதான் சார், ஓடும்"னு குடுத்தா வாங்கிட்டு வராதீங்க, மேனுவல்ல உள்ள நம்பரைக் கேளுங்க. ஹீட் ரேஞ்சுலயும் (பிளக் சூட்டை எம்புட்டு வேகமா எறக்கும்கிற அளவு, வேகமா எறக்குறது கோல்டு, மெதுவா எறக்குறது ஹாட்) ஒரு கோக்குமாக்கு இருக்கு: என்ஜிகே, டென்சோவுல நம்பர் கூடுனா கோல்டு பிளக், போஷ், சாம்பியன்ல நம்பர் கூடுனா ஹாட் பிளக். கம்பெனி மாத்தும்போது நம்பரைப் பாத்து அப்படியே எடுத்தா தலகீழாயிரும்.

"எம்புட்டு டைட் வெக்கணும்?"

டார்க் ரென்ச் (எம்புட்டு இறுக்கம்னு அளவு வெச்சு திருகுற ஸ்பேனர்) இருந்தா, அலுமினிய ஹெட்டுக்கு 14 எம்எம் த்ரெட்டு பிளக்னா சுமாரா 25 நியூட்டன் மீட்டர், 12 எம்எம்னா 15-லேருந்து 20, 10 எம்எம்னா 10-லேருந்து 12. உங்க மேனுவல் வேற சொன்னா அதுதான் கணக்கு. இது த்ரெட்டோட விட்டம், மேல சொன்ன சாக்கெட் சைஸோட குழப்பிக்காதீங்க.

டார்க் ரென்ச் வாங்குறப்ப ஒரு விஷயம். ஆன்லைன்ல மலிவா வர்றது நெறைய 1/2 இன்ச் டிரைவ், 28-லேருந்து 210 வரைக்கும். வீல் நட்டுக்கு அருமை, பிளக்குக்கு உதவாது, ஏன்னா நமக்கு வேணும்கிற அளவு அதோட அளவுக்கே கீழ இருக்கு. 'க்ளிக்'னு சத்தம் வர்றதுக்குள்ள த்ரெட்டு போயிரும். 3/8 டிரைவ், 5-லோ 10-லோ ஆரம்பிக்கிறதா பாத்து வாங்குங்க. லூஸ் பண்றதுக்கு அத பயன்படுத்தாதீங்க, வேலை முடிஞ்சதும் கொறஞ்ச அளவுக்கு திருப்பி வெச்சுட்டு டப்பாவுல போடுங்க.

இல்லாதவங்க பிளக் அட்டைப்பெட்டியிலயே படம் போட்டிருக்கும் பாருங்க. 14 எம்எம் த்ரெட்டு கேஸ்கெட் பிளக் புதுசுனா, கையால முழுசா உக்காந்த அப்புறம் அரை சுத்துலேருந்து மூணுல ரெண்டு பங்கு சுத்துக்கு உள்ள. கேஸ்கெட் நசுங்குறது கைக்கு மெத்துனு தெரியும், அப்புறம் கெட்டியாகும், அங்க நிறுத்திக்கங்க. அதே பிளக்கைக் கழட்டித் திரும்ப மாட்டுறீங்கன்னா கேஸ்கெட் ஏற்கனவே நசுங்கிருச்சு, பன்னெண்டுல ஒரு சுத்து போதும். சின்ன த்ரெட்டுக்கு இதவிட கம்மி.

த்ரெட்டுல கிரீஸ், ஆன்டி சீஸ் எல்லாம் தடவச் சொல்லி பக்கத்து வீட்டு மாமா சொல்லுவார். மாமா காலத்து பிளக்குக்கு அது சரி. இப்போ வர்ற பிளக் த்ரெட்டுல ஏற்கனவே முலாம் பூசி வருது, அதுக்கு மேல தடவுனா வழுக்கி, அதே டார்க்ல கூட இறுகிரும். தடவுறதுனா காயில் பூட் உள்வாயில டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசா தடவுங்க, அடுத்த தடவ பூட் ஒட்டாம வரும்.

"மாத்துன அப்புறம் வண்டி ஆடுது, செக் லைட் எரியுது"

லைட் விட்டு விட்டு மின்னுனா வண்டிய எடுக்காதீங்க. எரியாத பெட்ரோல் போயி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுரும், அது பெரிய செலவு.

பிளக் மேல பழி போடுறதுக்கு முன்னாடி கனெக்டர் நாலையும் ஒரு தடவ அமுக்குங்க, 'டிக்'னு விழணும். பாதி இதுலயே தீந்துரும். பழைய வண்டி, வயர் போறதுனா, ரெண்டு வயரு மாறி மாட்டிருக்கும். இதுக்குத்தான் ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததக் கழட்டணும்கிறது, நாலையும் ஒரேயடியா உருவிப் போட்டா வீட்டுப் பிள்ளைக வேற வந்து நகத்தி வெச்சிருக்கும்.

அப்பவும் ஆடுதுனா, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான எர்ரர் கோடை (code) படிக்கிற சின்ன ஓபிடி ஸ்கேனரை ஃபோன்ல இணைச்சுப் பாருங்க. பி0301-னா ஒண்ணாவது சிலிண்டர், பி0302-னா ரெண்டாவது, இப்படியே போகும். பி0300-னா குறிப்பா ஒண்ணைச் சொல்ல முடியலனு அர்த்தம். ஒண்ணாவதுனு வந்துச்சுனா, அந்தக் காயிலை ரெண்டாவதுல மாட்டி, ரெண்டாவதை இங்க மாட்டி, ஸ்கேனர்ல எர்ரர் கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க. எர்ரர் கோடு ரெண்டுக்கு மாறுனா காயில் போச்சு. ஒண்ணுலயே நின்னா பிளக்கை இதே மாதிரி இடம் மாத்திப் பாருங்க. அதுக்கும் அசையலைன்னா வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு போகணும், அது வாசல் வேலை இல்ல.

"ஊருக்குள்ள ஜம்முனு போகுது, ஏத்தத்துல வெட்டி வெட்டி இழுக்குது"

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் காட் ரோட்டுல ஏறும்போதுதான் இது தெரியும். லோடு கூடுறப்ப சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடுது, ஸ்பார்க் தாண்டுறதுக்கு கூடுதல் வோல்டேஜ் வேணும், இடையில எங்க சுலபமோ அங்க பாஞ்சுரும். கழட்டிப் பாருங்க, பீங்கான் மேல பென்சில்ல கிழிச்ச மாதிரி நெடுக்க கறுப்புக் கோடு இருந்தா கரண்டு வெளிய வழியா ஓடிருக்கு. பிளக்கோட சேத்து பூட்டையும் மாத்தணும், பூட் உள்ளயும் அதே கோடு இருக்கும், பிளக்கை மட்டும் மாத்துனா திரும்ப வரும். தலைக்கு மேல, பீங்கான் ஆரம்பிக்கிற இடத்துல பழுப்பா வளையம் மாதிரி கறை இருந்தா அதுக்குப் பயப்படாதீங்க, எண்ணெய்த் தூசி ஒட்டுறது, கேஸ் லீக் இல்ல.

சிஎன்ஜி போட்ட வண்டினா பெட்ரோலுக்கு மாத்தி ஓட்டிப் பாருங்க. பெட்ரோல்ல சரியா இருந்து கேஸ்ல மட்டும் வெட்டுனா பிளக் முனைகளுக்கு நடுவுல உள்ள கேப் அதிகமா இருக்கும், இல்லைன்னா காயில் வீக், ஏன்னா கேஸுக்கு ஸ்பார்க் வோல்டேஜ் கூட வேணும். கேப் பாக்குறதுக்கு கம்பி கேஜ் வாங்குங்க. காசு மாதிரி வட்டமா ஒரு கேஜ் விக்கிது பாருங்க, அத உள்ள விட்டு நெம்பித்தான் அளவு வெக்கணும், இரிடியம் பிளக்ல அத விட்டீங்கன்னா நடு முனை போச்சு, அது ஊசி கனம்தான். இரிடியம் கேப் கம்பெனியிலேயே வெச்சு வருது, சும்மா அளந்து மட்டும் பாருங்க.

"ஆக்ஸிலேட்டர் குடுத்தா சக் சக்னு சத்தம்"

பிளக் லூஸ். என்ஜினை அணைச்சு ஆற விட்டு டைட் பண்ணுங்க. அப்படியே ஓட்டுனா பிளக் சூடு இறங்க வழியில்லாம எரிஞ்சு போகும், மிஞ்சுனா த்ரெட்டைப் பிச்சுக்கிட்டு காயிலைத் தூக்கி அடிக்கும்.

"பிளக்கோட த்ரெட்டும் சேந்து வந்துருச்சு"

பிளக் த்ரெட்டுக்குள்ள வெள்ளையா சுருள் சுருளா அலுமினியம் ஒட்டிக்கிட்டு இருந்தா ஹெட் த்ரெட்டு போயிருச்சு. டெஃப்லான் டேப் சுத்துறது, எம்-சீல் போடுறது, ஒரு சைஸ் பெருசா அடிச்சு ஏத்துறது, இதுல எதையும் செய்யாதீங்க. ஹெலிகாயிலோ இன்சர்ட்டோ (போன த்ரெட்டுக்குப் பதிலா ஓட்டைக்குள்ள வெக்கிற புது த்ரெட்டு) போட்டா ஹெட்டை மாத்தாம தப்பிச்சிரலாம், தெரிஞ்ச கை செஞ்சா ஹெட்டைக் கழட்டாமகூட முடியும், ஆனா வெட்டுற தூள் உள்ள விழாம பாக்கணும், அதனால அனுபவம் உள்ளவங்களா தேடுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஓட்டையில சுத்தமான துணிய அடைச்சு வெச்சுட்டு கட்டி இழுத்துட்டுப் போங்க. த்ரெட்டு ஒட்டி வந்த பிளக்கைக் குப்பையில போட்டுறாம கையோட கொண்டுபோங்க, என்ன சைஸ் இன்சர்ட், எம்புட்டு ஆழம்னு அவங்க அதை வெச்சே பாத்துக்குவாங்க.